ஒருசந்தியும் பந்தியும்: தவக்காலம் பற்றிய ஒரு விவாதம்

விபூதிப் புதனன்று நெற்றியிலே சாம்பல் பூசப்படுவதோடு தொடங்கிப் பெரிய சனிவரை நீடிக்கும் தவக்காலம், எம் முதியோர் வழக்கிலே தபசுகாலம், ஆண்டுதோறும் இரண்டு கோரிக்கைகளைக் கிறிஸ்தவர்கள்முன் வைக்கின்றது. நாள்தோறும் சிறிது நேரமேனும் தன்னைத் தானே நோக்குதல் ஒன்று. வாழ்க்கையை எளிமையாக்கிக்கொள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டும் நல்லவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயமில்லாத காரணத்தினாலேயே இவை ஆராயப்படாமலும் போய்விட்டன. இன்று எம்மிடையே நடைமுறையிலுள்ள தினசரிச் சிந்தனையும் எளிமையும் தவக்காலத்தின் மூலநோக்கத்திலிருந்து பெருமளவு விலகிவிட்டன என்பதும், மத்தியதர வர்க்கத்தினரின் மனநிம்மதிக்கான சாதனங்களாக அவை சுருங்கிவிட்டன என்பதும், அவற்றை மீட்டெடுப்பதிலே பல்கலைக்கழகச் சமூகத்துக்கும் பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

ஒரு சமயத்தவரின் அனுட்டானத்தைத் தமிழ்ச் சங்கத்தின் மலரிலே விவாதிப்பது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். நோன்பு எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமையான பொருளன்று. சைவர்களின் கந்தசஷ்டியும், முஸ்லிம்களின் றமழானும், பௌத்தர்களின் போயா தினச் சீலமும் மனிதன் தன் வயிற்றை முன்னிறுத்தித் தன் மனத்தை விசாரிக்கும் முயற்சிகளே. அதற்கு மேலாக, ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றிலே தவக்காலத்துக்கு ஓர் இடமுண்டு. 1705 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து 1742 ஆம் ஆண்டு இங்கேயே மறைந்த கோவைக் குரவர் யாக்கோமே கொன்சால்வெஸ் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தலைமுறை தலைமுறையாகத் தபசுகாலத்தில் ஊர்கூடிக் கேட்கப்பட்டு வந்த நூலாகும். எனவே இது தேவாலயத்துள் மாத்திரம் பேசித் தீர்க்கவேண்டிய விடயமன்று. எம் பண்பாடு பற்றிய விடயமுமாகும்.

முதலிலே சட்டத்தை நோக்குவோம். விபூதிப் புதன் முதல் பெரிய சனிவரை நாட்காட்டியில் 46 நாட்கள். ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்பின் நாளாதலால் ஆறு ஞாயிறுகளைக் கழிக்க எஞ்சுவன 40. இந்நாட்களில் கத்தோலிக்கருக்கு விதிக்கப்பட்டவை ஒருசந்தியும் சுத்தபோசனமும். நாளொன்றுக்கு ஒரே வேளை நிறைவாக உண்ணுதல் ஒருசந்தி; மாமிசத்தை விலக்குதல் சுத்தபோசனம். 1966 ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவ்விதிகளைத் தளர்த்தினார். ஒருசந்தி விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்குமெனச் சுருங்கியது. அவ்வந்நாட்டு ஆயர்கள் விரும்பின் ஏனைய தவமுயற்சிகளையும் அறச்செயல்களையும் சுத்தபோசனத்துக்குப் பதிலாக விதிக்கலாம் என்றும் இடமளிக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்நிலையையே உறுதிசெய்தது. சட்டம் குறைக்கப்பட்டது பொறுப்பு கூட்டப்படுவதற்காகவே. எம்மவரோ குறைந்ததை ஏற்றுக்கொண்டனர், கூடியதைக் கண்டுகொள்ளவில்லை.

மாமிசம் விலக்கப்பட்டபோது மீன் விலக்கப்படவில்லை. மத்தியதரைக் கடலோரத்து ஏழைகளுக்கு இறைச்சி அரிய பண்டமாகவும் மீன் எளிய உணவாகவும் இருந்த சூழலில் இவ்வேறுபாட்டுக்கு ஒரு பொருளிருந்தது. நெய்தல் நிலமாகிய எமது கரையோரங்களிலே அது தலைகீழாகி விடுகின்றது. தபசுகாலத்து வெள்ளிக்கிழமையில் ஆட்டிறைச்சியைத் தவிர்த்து, அதனினும் விலைகூடிய அறக்குளாவையும் இறாலையும் நண்டையும் வாங்கிச் சமைக்கும் குடும்பம், சட்டத்தின் எழுத்தை முற்றாக நிறைவேற்றியுள்ளது. அக்குடும்பத்தின் நோன்பினால் எவருடைய பசி தீர்ந்தது என்ற கேள்விக்கு அச்சட்டியிலே விடையில்லை. விதியை மீறாமலே விதியின் நோக்கத்தை முறியடிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இந்நோக்கம் யாதென்பதைத் தொடக்ககாலத் திருச்சபை மயக்கமின்றிக் கூறியிருக்கின்றது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் எழுந்த ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்னும் நூல் நோன்பு நோற்கும் முறையை ஒரு கணக்காகவே விளக்குகின்றது. நோன்பு நாளிலே அப்பமும் நீரும் மாத்திரம் கொள்ளவேண்டும். அன்று உண்டிருக்கக்கூடிய உணவின் விலையை மதிப்பிடவேண்டும். அத்தொகையை விதவைக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுக்கவேண்டும். அதே நூற்றாண்டில் உரோமப் பேரரசனுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி விளக்கம் எழுதிய அரிஸ்டைட்ஸ் என்னும் தத்துவஞானி, தம்மிடம் மிகுதியில்லாதபோது இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்தேனும் ஏழைக்கு உணவளிப்பது அவர்களது வழக்கமெனக் குறிப்பிடுகின்றார். ஐந்தாம் நூற்றாண்டின் பாப்பரசர் பெரிய சிங்கராயர் தமது தவக்காலப் பிரசங்கங்களில் நோன்பையும் ஈகையையும் பிரித்துப் பேசவேயில்லை. இவர்களது சிந்தனையிலே நோன்பு என்பது ஒரு பொருள் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பெயர்தலாகும். மிச்சப்பட்டது வீட்டைவிட்டு வெளியே போகாவிட்டால் அது சிக்கனம் எனப்படுமேயன்றி நோன்பு எனப்படாது.

கப்படோக்கியாவிலே கி.பி. 368 அளவில் கொடிய பஞ்சம் ஏற்பட்டபோது பசிலியார் நிகழ்த்திய பிரசங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. பதுக்கிவைக்கப்பட்ட உணவு பசித்தவனுக்கு உரியது என்பது அவரது நிலைப்பாடு. ஈகை என்பது பெருந்தன்மை என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. உரியவனிடம் உரியதைச் சேர்ப்பித்தல் என்றே கருதினார். நோன்பைப் பற்றிய பிரசங்கமொன்றிலே, மாமிசத்தை விலக்கிவிட்டுச் சகோதரனை விழுங்குகின்றவர்களை அவர் நேருக்கு நேர் சாடுகின்றார். பஞ்சகாலத்தில் தானியத்தைப் பூட்டிவைத்த வணிகர்களையும் வட்டிக்குக் கொடுத்தவர்களையும் எதிரே இருத்திக்கொண்டு பேசப்பட்ட பேச்சு இது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இக்கருத்தின் ஊற்று விவிலியத்திலேயே உண்டு. எசாயா ஆகமத்தின் 58 ஆம் அதிகாரம், நோன்பு நாளிலே தம் வேலையாட்களை ஒடுக்கிக்கொண்டு இறைவன் தம் நோன்பைக் கவனிக்கவில்லையே என முறையிடுகின்றவர்களுக்கு அளிக்கப்பட்ட மறுமொழியாகும். அநீதியின் தளைகளை அவிழ்ப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவனை ஏற்பதுமே இறைவன் விரும்பும் நோன்பு என அது முடிவு கூறுகின்றது. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலோ ஈகை முதலாவதாகவும், செபம் இரண்டாவதாகவும், நோன்பு மூன்றாவதாகவும் வைக்கப்பட்டுள்ளன. இவ்வொழுங்கு எம்மிடையே மாறிவிட்டது. செபம் முதலிலும் நோன்பு அடுத்தும் வர, ஈகை கடைசியிலே ஓர் உறைக்குள் நுழைந்து காணிக்கைத் தட்டிலே விழுகின்றது.

தினசரிச் சிந்தனைக்கு வருவோம். விபூதிப் புதன் வந்ததும் நாற்பது நாட்களுக்குமான சிந்தனைகளைத் தாங்கிய சிறு நூல்கள் விற்பனைக்கு வருகின்றன. அண்மைய ஆண்டுகளிலே அவை கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்து, விடியற்காலையிலே அழகிய படத்துடன் வந்து சேர்கின்றன. அவற்றின் உள்ளடக்கத்தைக் கூர்ந்து நோக்கின் ஒரு பொதுப்பண்பு புலனாகும். மன்னிப்பு, பொறுமை, நன்றியுணர்வு, மன அமைதி ஆகியன பற்றி அவை மிகுதியாகப் பேசுகின்றன. கூலி, வட்டி, சாதி, சீதனம், காணி ஆகிய சொற்களை அவற்றிலே காண்பது அரிது. படிப்பவரின் மனத்தை ஆற்றுவதே அவற்றின் பணி. அவரது வருமானத்தையும் செலவையும் அவை தொடுவதில்லை. அரை நிமிடத்தில் வாசித்து, மற்றொருவருக்கு அனுப்பிவிட்டு, அன்றைய தவக்கடமை முடிந்ததென எண்ணும் பழக்கம் இதன் பயனாகும். தன்னைத் தான் நோக்குவதாகக் கூறிக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருத்தலும், தன்னை விசாரணைக்கு உட்படுத்தலும் வெவ்வேறானவை.

பழைய வழக்கம் இவ்விடயத்தில் எம்மைவிட ஒரு வகையில் மேலானது. வியாகுலப் பிரசங்கம் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட நூல். சிலுவைப்பாதை பலர் சேர்ந்து நடந்த நடை. உடக்குப் பாஸ் முதலாகத் திருமறைக் கலாமன்றம் 1960களிலிருந்து வளர்த்தெடுத்த திருப்பாடுகளின் காட்சிவரை, தவக்காலச் சிந்தனை எம்மண்ணிலே ஊராரின் பொதுச் சொத்தாகவே இருந்து வந்துள்ளது. இதைக் கூறுவது பழமையைப் போற்றுவதற்காக அன்று. அக்கூட்டங்களிலே யார் எங்கே இருப்பது, யார் எதைச் சுமப்பது, யாருக்கு எந்தப் பாத்திரம் என்பவற்றைச் சாதி தீர்மானித்த ஊர்களும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கூட்டாகச் சிந்திக்கும் மரபொன்று இருந்ததாயின் அதன் குறையைக் கூட்டாகவே திருத்த வாய்ப்பிருந்தது. தனியறையிலே தனித்தனியாகப் பெறப்படும் ஆறுதலைத் திருத்துவார் எவருமிலர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, தவக்காலத்துத் தவம் உள்ளார்ந்ததாகவும் தனிப்பட்டதாகவும் மாத்திரம் இராது, வெளிப்படையானதாகவும் சமூகரீதியானதாகவும் இருக்கவேண்டுமென அறிவுறுத்தியது. இலங்கையிலே இக்கருத்தை முன்னெடுத்தோரும் இருந்தனர். வண. திஸ்ஸ பாலசூரிய 1971 ஆம் ஆண்டு சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தை நிறுவினார். 1977 ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல், நற்கருணையையும் மனித விடுதலையையும் இணைத்து நோக்கி, வழிபாடு சமூக அநீதியோடு சமரசம் செய்துகொள்வதைக் கடுமையாக விமர்சித்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் எழுப்பப்பட்ட இக்குரல்கள் எம் தமிழ்ப் பங்குகளின் தவக்காலப் பிரசங்கங்களிலே எவ்வளவு கேட்கின்றன என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

இனி எளிமை. எளிமையைப் பற்றி எம்மிடையே நிலவும் கருத்து, ஏராளமாக வைத்திருப்பவரின் கருத்தாகும். அலுமாரியிலே மேலதிகமாகக் கிடப்பவற்றை ஒதுக்குதல், இனிப்பைக் குறைத்தல், தொலைக்காட்சியை நிறுத்திவைத்தல், சில வாரங்களுக்குப் புதிய உடை வாங்காதிருத்தல் என்பன இன்றைய தவக்கால எளிமையின் அம்சங்கள். இவையனைத்தும் ஒதுக்குவதற்கு ஏதோ ஒன்று இருக்கின்ற வீட்டையே கருதுகின்றன. மலையகத்து லயன் அறைக்கும், நுண்கடன் தவணைக்காக நகையை அடகு வைக்கும் பெண்ணின் வீட்டுக்கும் இவ்வறிவுரை சென்று சேருமாயின் அது அறிவுரையாக இராது, நையாண்டியாக இருக்கும்.

இவ்வுண்மையை 2022 ஆம் ஆண்டு எமக்குக் கண்முன்னே காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் 2 ஆந் திகதி விபூதிப் புதன். தவக்காலம் நடந்துகொண்டிருக்கையிலேயே எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசைகள் நீண்டன. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு ஏற்பட்டது. பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமையாகிய ஏப்ரில் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்ரெம்பரிலே பணவீக்கம் 70 வீதமளவை எட்டியது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2021 இல் 13 வீதமளவிலிருந்த வறுமை 2022 இல் 25 வீதமாக உயர்ந்தது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் கேளாமலே ஒருசந்தி பெற்றனர். பாலும் இறைச்சியும் எரிபொருளும் இன்றி வாழ்க்கை மிக ‘எளிமை’ ஆயிற்று. அது தவமாயிற்றா? ஆகவில்லை. அது கொள்ளையின் விளைவு. கொள்ளையின் விளைவைத் தவமென்று பெயரிட்டு மக்களுக்குப் பொறுமை போதிப்பது, சமயம் செய்யக்கூடிய பெரும் பிழைகளுள் ஒன்றாகும்.

இலங்கை இறையியலாளர் வண. அலோசியஸ் பீரிஸ் இவ்விடத்து எமக்குத் துணைநிற்கின்றார். ஆசிய விடுதலை இறையியல் பற்றி 1988 ஆம் ஆண்டு வெளிவந்த நூலிலே அவர், திணிக்கப்பட்ட வறுமையையும் விரும்பி ஏற்கப்பட்ட வறுமையையும் வேறுபடுத்துகின்றார். முன்னையது ஒழிக்கப்படவேண்டியது, பின்னையது மேற்கொள்ளப்படவேண்டியது. விரும்பி ஏற்கும் வறுமை, திணிக்கப்பட்ட வறுமையை ஒழிக்கும் போராட்டத்தோடு இணையும்போதே பொருள் பெறுகின்றது என்பது அவரது வாதத்தின் சாரம். இவ்வேறுபாட்டைக் கைக்கொள்ளின் தவக்காலத்தின் மீது ஓர் அளவுகோல் எமக்குக் கிடைக்கின்றது. என் எளிமையினால் இன்னொருவர்மீது திணிக்கப்பட்ட எளிமை குறைந்ததா? குறைந்ததாயின் அது தவம். குறையவில்லையாயின் அது உடல்நலப் பயிற்சி. உடல்நலப் பயிற்சியிலே குற்றமில்லை. அதற்குச் சாம்பல் பூசவேண்டியதில்லை என்பதே எமது கருத்து.

இவ்வளவுகோல் கிறிஸ்தவர்களுக்கு மாத்திரம் உரியதென எவரும் எண்ணவேண்டாம். திருக்குறளின் அதிகார வைப்பு சிந்திக்கத்தக்கது. அருளுடைமை 25 ஆம் அதிகாரம், புலால் மறுத்தல் 26, தவம் 27, கூடாவொழுக்கம் 28, கள்ளாமை 29. அருளிலே தொடங்காத புலால் மறுப்பும், புலனடக்கத்தோடு நின்றுவிடும் தவமும் பொய்வேடத்திலும் களவிலும் முடியக்கூடும் என்ற எச்சரிக்கையை இவ்வரிசையிலே காணலாம். ஈகை அதிகாரத்தில் வள்ளுவர், பசியைப் பொறுக்கும் ஆற்றலைப் பிறர் பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலுக்குப் பின்னாகவே வைக்கின்றார். தவம் அதிகாரத்தின் இறுதிக் குறளோ, இல்லாதோர் பலராயிருப்பதற்கும் நோற்பவர் சிலராயிருப்பதற்கும் காரண காரியத் தொடர்பு கூறுகின்றது. உரையாசிரியர்கள் இதனை வினைப்பயனாக விளக்கிச் சென்றனர்: தவஞ் செய்யாதவரே வறியராயினர் என்பது அவர்கள் கொண்ட பொருள். அக்குறளை மறுபுறமாகவும் வாசிக்கலாம். உடையோர் தம் நுகர்வை அடக்க மறுப்பதனாலேயே இல்லோர் பெருகினர் என்று கொள்ளின், சமூக நியதி ஒன்று புலனாகும். மரபுவழி உரைக்கு இது புறம்பானதே. ஆனால் 2022 ஐக் கண்ட தலைமுறைக்கு எவ்வுரை பொருந்துகின்றதெனக் கேட்கும் உரிமை உண்டு.

நோன்பு உணவு பற்றியது. எமது சமூகத்திலே உணவு பந்தி பற்றியது. யார் சமைத்ததை யார் உண்பது, யாரோடு யார் இருந்து உண்பது என்பதிலேதான் யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு தன்னை நாள்தோறும் புதுப்பித்து வந்தது. 1924 ஆம் ஆண்டு மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் இளைஞர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கம் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் குரல் கொடுத்தபோது, அதன் முன்னோடிகள் எங்கே கைவைக்கவேண்டுமென நன்கறிந்திருந்தனர். 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே ஆலயக் கதவு தொடர்பாக நடந்த போராட்டத்தையும் நாம் அறிவோம். கோயிற் கதவைப் பற்றி இவ்வளவு பேசிய சமூகம், சமையலறைக் கதவைப் பற்றிக் குறைவாகவே பேசியுள்ளது. நாற்பது நாட்கள் மச்சம் உண்ணாதிருக்கும் ஒருவர், நாற்பது ஆண்டுகளாகத் தம் வீட்டு முற்றத்தைக் கூட்டுபவருடன் ஒருவேளை ஒன்றாயிருந்து உண்டதில்லையாயின், அவர் விலக்கவேண்டியதை விலக்கவில்லை. அவருக்கு விதிக்கத்தக்க தவம் உண்ணாமையன்று; சேர்ந்து உண்ணுதல்.

இங்கே இருவேறு திசைகளிலிருந்து மறுப்பு எழும். முதலாவது மறுப்பு பக்தர்களுடையது. தவம் ஆன்மாவுக்கும் ஆண்டவருக்கும் இடையிலானது. நோன்பை மறைவாகச் செய்யுமாறு நற்செய்தியே கூறுகையில் அதைச் சமூக விடயமாக்குவது தவறு என்பர். நற்செய்தி மறைக்கச் சொன்னது நோன்பின் பெருமையை. நோன்பின் பயனை அன்று. கொடுப்பவரின் பெயர் மறைந்திருக்கலாம். பெறுபவரின் வயிறு நிறைந்ததா என்பது மறைவான விடயமாக இருக்கமுடியாது. மேலும், தவத்தைத் தனிப்பட்ட விடயமென்று கூறுவோர் தம் வேலையாளின் கூலியையும் தனிப்பட்ட விடயமென்றே கூறுவதை அவதானிக்கலாம். ஆன்மாவின் பெயரால் கணக்கேடு மறைக்கப்படுகின்றது.

இரண்டாவது மறுப்பு எம் வளாகங்களிலே அதிகம் கேட்பது. இவையெல்லாம் தனிமனித ஒழுக்கப் போதனைகள்; அமைப்பு மாறாமல் தனிமனிதன் சோற்றைக் குறைப்பதனால் ஆவதொன்றுமில்லை; தவக்காலம் மக்களை மயக்கும் ஏற்பாடு என்பர். அமைப்பு மாறவேண்டும் என்பதிலே எமக்கு ஐயமில்லை. ஆயின் அமைப்பை மாற்றப் புறப்பட்டவர்களின் வரலாறும் எம் கண்முன் உள்ளது. 1977 ஆம் ஆண்டின் பின் திறந்த பொருளாதாரம் கடைகளை நிறைத்தபோது, கொள்கையளவிலே அதனை எதிர்த்த வீடுகள் பலவற்றின் வரவேற்பறைகளும் நிறைந்தன. மேடையிலே வர்க்கப் போராட்டம் பேசியவர் மகனின் திருமணத்திலே சீதனத்தைப் பற்றி மௌனமாயிருந்ததை எமது புனைகதைகள் சலிக்கும்வரை சித்திரித்துவிட்டன. சமத்துவம் பற்றி உரத்துப் பேசும் வளாகங்களிலேயே முதலாம் ஆண்டு மாணவனை முழந்தாளிட வைக்கும் பகிடிவதை தொடர்ந்து வந்துள்ளது. தன் ஆசைகளை விசாரியாத புரட்சியாளன் பழைய எசமானின் கதிரையையே விரும்புகின்றான். ஆகவே தினசரிச் சுயவிசாரணை அமைப்பு மாற்றத்துக்கு எதிரியன்று. அமைப்பு மாற்றம் இடையிலே விலைபோகாதிருப்பதற்கான காவல்.

இவ்விரு மறுப்புகளும் ஒன்றையொன்று வெறுப்பனபோலத் தோன்றினும் ஒரே இடத்திலே சந்திக்கின்றன. அகத்தையும் புறத்தையும் பிரித்துவிட்டு ஒன்றை மாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையே அவ்விடம். தவக்காலம் இந்நம்பிக்கைக்கு எதிராக எழுந்த ஏற்பாடு என்பதை இரு சாராரும் மறந்துவிட்டனர்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? தினசரிச் சிந்தனை தினசரிக் கணக்காக மாறவேண்டும். இது புதுமையன்று. பதினாறாம் நூற்றாண்டிலே லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மீகப் பயிற்சிகளிலே நாளாந்த ஆத்தும சோதனை ஒரு கணக்குமுறையாகவே அமைந்துள்ளது. ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொண்டு, நாளில் இருமுறை அது எத்தனை தடவை நேர்ந்ததெனக் கோடிட்ட தாளிலே புள்ளியிட்டு, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடுமாறு அவர் கூறுகின்றார். அதே நூலில் உணவிலே ஒழுங்கு பேணுவதற்கான விதிகளும், ஈகை வழங்குவதற்கான விதிகளும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. உணர்ச்சியை நம்பாது எண்ணிக்கையை நம்பிய இம்முறை, ஆய்வுப் பயிற்சி பெறும் பல்கலைக்கழகத்தினருக்கு அந்நியமாக இருக்க நியாயமில்லை.

அக்கணக்கிலே இரண்டு நிரல்கள் வேண்டும். முதலாவது, இன்று நான் தவிர்த்ததின் விலை. அது எவரிடம் சென்றது. ஹெர்மாஸின் நூல் கூறிய முறை இதுவே. ஒருவர் நாளொன்றுக்கு 100 ரூபா வீதம் தவிர்ப்பின் 40 நாட்களில் 4,000 ரூபாவாகும். 500 பேர் சேரின் 20 இலட்சமாகும். இச்சிறு பெருக்கலைச் செய்து பார்த்தவருக்கு, கூட்டான நோன்பு வெறும் அடையாளச் செயலாக இருக்கவேண்டியதில்லை என்பது விளங்கும். ஜேர்மனியிலே 1958 ஆம் ஆண்டு மிசெரெயோர் என்னும் நிறுவனம் தவக்காலச் சேமிப்பை அடித்தளமாகக் கொண்டே தோன்றியது. எம்நாட்டிலும் கரித்தாஸ் நிறுவனத்தின் தவக்கால இயக்கம் உண்டு. எனவே வழி இல்லை என்று கூறமுடியாது.

இரண்டாவது நிரல் கடினமானது. இன்று நான் எவருக்குக் கடன்பட்டேன்? சக்கேயுவின் கதையை லூக்கா நற்செய்தி கூறும் முறை இங்கே முக்கியமானது. வரி தண்டுபவனாகிய அவன் இருவகைக் கொடைகளை அறிவிக்கின்றான். உடைமையிற் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றிப் பறித்ததற்கு நான்கு மடங்கு பறிகொடுத்தவருக்கு. முன்னையது ஈகை, பின்னையது மீளளிப்பு. எம் தவக்காலம் முன்னையதை ஓரளவு அறியும். பின்னையதை அறவே அறியாது. வீட்டுப் பணியாளருக்குக் கொடுக்கப்படாத ஓய்வுநாள், நண்பனிடம் வாங்கித் திருப்பிக் கொடாத பணம், இன்னொருவரின் உழைப்பில் எழுதப்பட்டுத் தன் பெயரில் வெளிவந்த கட்டுரை, விரிவுரை மண்டபத்தில் நடத்தாமல் விடப்பட்ட பாடம், பெண்வீட்டாரிடம் பெற்ற சீதனம், புதிய மாணவனிடமிருந்து பறிக்கப்பட்ட மானம் ஆகிய எவையும் காணிக்கைத் தட்டிலே இடும் நோட்டினால் தீர்வனவல்ல. அவை உரியவரிடமே திரும்பிச் செல்லவேண்டியவை. ஏழைக்கு இரங்குவது எளிது. கடன்காரனாக ஒருவர்முன் நிற்பது கடினம். தவம் என்ற சொல்லுக்குத் தகுதியானது இக்கடினமான செயலே.

இக்கணக்கு அந்தரங்கமாகவே முடங்கிவிடாதிருக்க, வாரமொருமுறையேனும் அது ஒரு பந்தியிலே முடிவடைதல் நன்று. நாற்பது நாட்களிலே வரும் வெள்ளிக்கிழமைகளில், சிற்றுண்டிச்சாலை ஊழியரும் துப்புரவுத் தொழிலாளரும் மாணவரும் விரிவுரையாளரும் ஒரே உணவை ஒரே வரிசையிலிருந்து உண்ணும் ஒரு வேளையை ஒழுங்குசெய்ய எவருடைய அனுமதியும் தேவையில்லை. கஞ்சியும் சம்பலும் போதும். சைவரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் சமயமற்றவரும் அதில் அமரலாம். அவ்வேளையிலே எவர் யாருக்குப் பரிமாறினார், எவர் யாருக்கருகே அமரத் தயங்கினார் என்பவற்றைக் கவனிப்பவர், சிந்தனை நூல்கள் பலவற்றிலும் கிடையாத சிந்தனையைப் பெறுவார்.

தவக்காலம் தன்னளவிலே அழிந்துபோகும் என்று நாம் அஞ்சவில்லை. சாம்பல் பூசப்படும், சிலுவைப்பாதை நடைபெறும், இறாலும் விற்பனையாகும். அஞ்சவேண்டியது வேறொன்று. நீதியைப் பற்றிக் கேட்கும் இளைஞன் தேவாலயத்திலே ஆறுதலை மாத்திரமே காண்பானாயின் வெளியே சென்றுவிடுவான். ஆன்மாவைப் பற்றிக் கேட்பவன் இயக்கங்களிலே சுலோகங்களை மாத்திரமே காண்பானாயின் அவனும் வெளியே சென்றுவிடுவான். இருவரும் வெளியேறிய பின்னர் உள்ளே எஞ்சுவது சடங்கும் சந்தையும். இந்நிலை வராது தடுப்பதற்கு நாற்பது நாட்களும் ஒரு பேனாவும் ஒரு கொப்பியும் தொடக்கமாகப் போதும். அடுத்த விபூதிப் புதனன்று அக்கொப்பியின் முதற் பக்கத்திலே எழுதவேண்டிய கேள்வி, நான் எதை விட்டுவிடப்போகிறேன் என்பதாக இராது, எதை எவரிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்பதாக இருக்கட்டும்.